பூட்டுக்காரர் கொடுத்த சாவி

கிணற்றுக்குப் பூட்டுப் போட்டவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருக்கலாம். கோழிக்கூண்டுக்கும், கோழிக்கூண்டின் சாவி இருந்த பெட்டிக்கும், பெட்டி இருந்த அறைக்கும் பூட்டுப் போட்டவர் எங்கள் பூட்டுக்காரர் ஒருவர்தான். அது ஊர் வைத்த பெயர்; வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எங்கள் எருத்தேன்பதி கிராமத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எழுபதுகளில் நான் பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறையில் பள்ளிக்கூட வாத்தியார். எருத்தேன்பதியில் அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். ஒருமுறை பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் குடை களவு போய்விடும் என்று அதை சீட்டுக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். சாவி வீட்டில். குடையை விட்டு இறங்க மனமில்லாமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். கண்டக்டர் சொல்லியனுப்ப, நான்தான் சாவியோடு ஓடினேன். "நல்ல வேளைங்க வாத்தியாரே, கொடை போகலீங்க" என்றார். பொள்ளாச்சிக்கு எதற்குப் போனார் என்பது அவருக்கே மறந்து போயிருந்தது.

இந்தச் சிரிப்பெல்லாம் மழை பொய்த்த வருஷம் வரைதான். தெருவில் மற்றக் கிணறுகள் வற்றிவிட்டன. அவர் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதன் மேல் கம்பிக் கதவும் பூட்டும் இருந்தன. பெண்கள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்தார்கள். அவரோ புதிதாக நட்ட தென்னங்கன்றுகளுக்கு இறைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டார். கிணறு வற்றக் கூடாது என்பதுதான் வேண்டுதல். மாலை போட்டுவிட்ட குருசாமி, எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னார்: "இனி எதுத்தாப்பல வர்றவங்க எல்லாருமே சாமிதானுங்க. சாமி வந்து கேட்டா இல்லீன்னு சொல்லக் கூடாதுங்க."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மாராத்தாள் வெறுங்குடத்தோடு வாசலில் நின்றாள். "சாமி சரணமுங்க. ஒரு கொடம் தண்ணி வேணுமுங்க."

பூட்டுக்காரர் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பூட்டைத் திறந்தார். அதற்கடுத்த நாள் தெருவே சரணம் சொல்லிக்கொண்டு வந்தது. "ஏனுங்க வாத்தியாரே, மண்டலம் எப்பங்க முடியும்?" என்று தினமும் என்னைக் கேட்டு உயிரை வாங்கினார்.

தண்ணீர் தெருவுக்குப் போனதால் தென்னங்கன்றுகள் வாடத் தொடங்கின. ஒருநாள் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குடத்தோடு திரும்பிய மாராத்தாள் நின்றாள். வாடிய கன்று ஒன்றின் அடியில் தன் குடத்தைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினாள். பின்னால் வந்தவளும் அடுத்த கன்றுக்கு ஊற்றினாள்.

"உனக்கே ஒரு கொடந்தான அம்மிணி?" என்றார் இவர்.

"எங்குளுக்குக் குடுத்துப்போட்டு நீங்க இதைக் காயப் போடறீங்க. பாத்துட்டு எப்படிங்க சாமி சும்மா போறது?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவரை வெறுத்ததற்கு அன்று வெட்கப்பட்டேன்.

தை மாதம் மலையிலிருந்து திரும்பினார். மாலையைக் கழற்றியதும் பூட்டு மறுபடி விழுந்துவிடும் என்று பெண்கள் அண்டா குண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தார்கள். அவர் மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டிவிட்டு, வெறுங்கழுத்தோடு நேராக என் அறைக்கு வந்தார். கிணற்றுப் பூட்டையும் சாவியையும் என் கையில் வைத்தார்.

"என்ற புத்தி எனக்குத் தெரியுமுங்க. நாளைக்கு நானே வந்து கேப்பனுங்க. குடுத்துப்போடாதீங்க."

கேட்டார். பங்குனி வெயிலில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தபோது மூன்று தடவை வந்து கேட்டார். மூன்றாம் தடவை, அறையைக் காலி செய்யச் சொல்வேன் என்று மிரட்டவும் செய்தார். "தர மாட்டேன் சாமி" என்றேன். அவர் முகம் அப்படியே தெளிந்தது. "ரொம்ப நல்லதுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போய், மாராத்தாளுக்குக் கயிறு இழுத்துக் கொடுத்தார்.

எனக்கு மாற்றல் வந்தபோது பூட்டையும் சாவியையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வேண்டாமுங்க, தூரமாக் கொண்டு போயிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டும் இன்றைக்கும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. நாலாவது தடவையாக அவர் வந்து கேட்க மாட்டாரா என்று இருக்கிறது.