மங்கலாக இருந்தவரை கொலைகாரர்

மாப்பிள்ளை அந்த டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்த விதமே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து, மெல்ல ஊதி, பிளேயருக்குள் வைத்தார்.

"ஃப்ரேம் ஃப்ரேமா தொடைச்சிருக்காங்க மாமா. சத்தத்தையும் கழுவிச் சுத்தம் பண்ணியிருக்காங்க. இனிமே உங்க நடிப்பு பளிச்சுனு தெரியும்."

"எதுக்கு மாப்பிள்ளை வீண் சிரமம்? பழைய கேசட்டே நல்லாத்தானே இருந்துது?"

"அதுல என்ன மாமா தெரிஞ்சுது? அடைமழையில ஒரு கறுப்பு மூட்டை ஓடின மாதிரி இருந்துது."

அந்தக் கறுப்பு மூட்டைதான் கடைக்காரரின் இத்தனை வருஷப் பெருமை. அந்தப் பழைய திகில் படத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு ஒரு விடுதியையே வெட்டிச் சாய்க்கும் கொலைகாரன் தான்தான் என்று அவர் சொல்லாத ஆளில்லை. கண் சோதிக்க வருகிறவர்கள் முதல் வரியைப் படிப்பதற்குள் சொல்லிவிடுவார். தெருவில் அவருக்குப் பெயரே கொலைகாரர்தான். மாப்பிள்ளையோ ஒரு படி மேலே போய், "என் மாமனார் பெரிய கொலைகாரர்" என்று ஆபீசில் மார்தட்டியதில், இரண்டு பேர் அவரோடு சாப்பிட உட்காருவதையே நிறுத்திவிட்டார்கள்.

உண்மை வேறு. அந்தப் படத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது நிஜம். முகமூடியை மாட்டியதும் நிஜம். முதல் ஷாட்டுக்கு ஒரு வாளி நிறைய சாய ரத்தம் கொண்டுவந்து வைத்தார்கள். எட்டிப் பார்த்தார், தடாலென்று விழுந்தார், கண் விழித்தபோது வீட்டில் இருந்தார். கழற்றிய முகமூடியை அப்புறம் யார் தலையில் மாட்டினார்களோ, வெட்கத்தில் அவர் விசாரிக்கவே இல்லை. பிறகு கேசட் வந்தது. கொலைகாரன் மசமசவென்று தெரிந்தான். மசமசவென்று இருக்கிறவன் யாராகவும் இருக்கலாமே, நானாக இருந்தால் என்ன என்று முடிவு கட்டிவிட்டார். பகலெல்லாம் ஊருக்குத் தெளிவான பார்வை விற்கிற மனுஷன், மங்கலை நம்பியே காலத்தை ஓட்டினார்.

இப்போது மகள் வீட்டு ஹாலில், மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் பார்க்க, அந்த மங்கல் விலகப் போகிறது. சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, தையல்கடை நடத்துகிறவர். வாயைத் திறந்து பேசினால் அதிசயம். சோபா ஓரத்தில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிக் கடைக்காரருக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றித்தான். தன்னை ஒரு ஆளாக மதித்து, வாயைப் பிளந்து கதை கேட்கிறவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

படத்தைக் கெடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்.

"கண்ணு கூசுது மாப்பிள்ளை" என்று ரிமோட்டை வாங்கி வெளிச்சத்தைக் குறைத்தார். வெளுத்துப்போயிருந்த இருட்டு நல்ல இருட்டாகி, அதற்குள் மறைந்திருந்த கதவு, ஜன்னல், கோடாலி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன.

"அட, இதுதான் மாமா கணக்கு. நான் அதிகமா வச்சுத் தொலைச்சிருந்தேன்."

அடுத்து, பெயர் தெரியாத ஒரு பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். இதுவரை சீரியல்போல வழுக்கிக்கொண்டிருந்த படம், தியேட்டரில் ஓடுவதுபோல ஓடியது.

"இந்தப் பட்டனை ஒரு மாசமா தேடிக்கிட்டிருக்கேன் மாமா. தொழில்காரங்க கையே தனி."

"எங்கப்பான்னா சும்மாவா?" என்றாள் மகள்.

இனி ஒயர்தான் கதி என்று, பேனாவைத் தவறவிட்டு எடுக்கிற சாக்கில் டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒன்றைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. "என்னாச்சு?" என்று மாப்பிள்ளை எழுந்திருக்கவும், பயத்தில் கைக்கு அகப்பட்ட ஓட்டையில் அதைச் செருகினார். கொலைகாரனின் காலடி, சோபாவுக்குப் பின்னாலிருந்து டக் டக்கென்று கேட்டது.

"வாங்கின நாள்லேருந்து பின்னாடி இருக்கற ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும் ஊமையா கிடந்துச்சு மாமா. நீங்க கையை வச்சதும் பேசுது" என்று மாப்பிள்ளை கண் கலங்கினார். கடைக்காரருக்கும் கண் கலங்கியது. காரணம்தான் வேறு.

கொலைகாரன் மாடிப்படி ஏறினான். முகமூடியின் தையல்கூடத் தெரிந்தது. ஒரு கையுறை எங்கோ கழன்று விழுந்திருக்க, கத்தியைப் பிடித்த விரல்கள் திரை முழுக்க வந்து நின்றன. நகங்களில் ரோஸ் கலர் பாலிஷ் பளபளத்தது.

"அப்பா, நெயில் பாலிஷா?"

"அது வந்து... டைரக்டர் ஐடியாம்மா. கொலைகாரன் ஆணா பொண்ணான்னு ஜனங்க குழம்பணுமாம்."

"பிரமாதம் மாமா. கேசட்ல இந்த நுணுக்கமெல்லாம் செத்தே போச்சு."

கடைக்காரர் மூச்சு விடுவதற்குள், பின்பக்கப் பெட்டியிலிருந்து ஓர் ஆண் குரல் கிசுகிசுத்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ சொன்னது. இத்தனை வருஷமும் கேசட்டின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்தது.

"பார்த்தும்மா, படி வழுக்குது."

மாப்பிள்ளை பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். கழுவிய சத்தம் அப்பட்டமாகக் கேட்டது.

"இது யாரு மாமா?"

"டைரக்டர்தான். அவர் எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடுவார். அவ்வளவு பாசம்."

மகள் அப்பாவையே பார்த்தாள். மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், மாமனாரின் தடித்த விரல்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. கடைக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சம்பந்தியம்மா ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வழுக்கித்தான் விழுந்தேன் சம்பந்தி. மிச்சமிருந்த மூணு கொலையையும் நொண்டிக்கிட்டேதான் பண்ணி முடிச்சேன்."