மபோரா மெசெஞ்சரும் மிளகாய்த்தூளும்

"பதினைந்தா?" என்றார் மிஸ்டர் கசோங்கோ. "பத்துத்தானே வரும்?"

"எனக்கும் அதுதான் விளங்கவில்லை, சேர்," என்றார் கணேசலிங்கம்.

இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். கணேசலிங்கத்தின் ஆங்கிலம் யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் படித்தது. கசோங்கோவின் ஆங்கிலம் ஆபிரிக்காவில், மபோரா நாட்டுப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தது. லண்டனில் மிச்சம் என்ற புறநகரில் கணேசலிங்கம் நடத்திவந்த பத்திரிகைக் கடையில் இந்த இரண்டு ஆங்கிலங்களும் மூன்று வருடமாகச் சமாதானமாகப் பழகிவந்தன.

கசோங்கோவுக்கு எழுபத்தெட்டு வயது. வெயிலோ மழையோ, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கழுத்துப்பட்டியோடு வந்து நிற்பார். 'மபோரா மெசெஞ்சர்' என்ற அந்நாட்டு ஆங்கிலப் பத்திரிகையின் லண்டன் வாரப் பதிப்பு பத்துப் பிரதி வரும். பத்தையும் அவரே வாங்கித் துணிப்பையில் அடுக்கிக்கொண்டு ட்ராமில் ஏறிப் போய்விடுவார். ஒருவருக்கு ஒரே பத்திரிகை பத்து எதற்கு என்று கணேசலிங்கம் ஒரு நாளும் கேட்டதில்லை. வாங்குகிற மனிதரைக் கேள்வி கேட்டுக் கலைக்கிற அளவுக்கு அவர் மோசமான வியாபாரி அல்ல.

ஆனால் பதினைந்து அந்தப் பையில் கொள்ளவில்லை.

கட்டோடு வந்த துண்டுக் காகிதத்தை எடுத்துக் கணேசலிங்கம் வாசித்துப் பார்த்தார். விநியோகக் கொம்பனி புதுக் கம்பியூட்டர் போட்டிருக்கிறதாம். எந்தக் கடையில் எல்லாப் பிரதியும் விற்றுத் தீர்கிறதோ, அந்தக் கடைக்கு அது தானாகவே கூட்டி அனுப்புமாம்.

"பயப்படாதீர்கள். மிச்ச ஐந்தையும் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். விற்காததைக் கட்டி வாசலில் வைத்தால் விடியற்காலையில் பத்திரிகை கொண்டுவரும் வான்காரர் எடுத்துப் போய்விடுவார்."

"வேண்டாம்!" என்று கத்தினார் கசோங்கோ. பால் வாங்க வந்த வெள்ளைக்காரி பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "திருப்பி அனுப்பினால் இன்னொரு கடையில் கொண்டுபோய் வைப்பார்கள். யாராவது வாசித்துவிடுவார்கள்!"

"வாசிக்கத்தானே, சேர், பத்திரிகை?"

கசோங்கோ ஒரு பிரதியை எடுத்து, மேலே பெரிய எழுத்தில் இருந்த பெயரில் விரலை வைத்தார்.

"இந்தப் பெயரை வைத்தவன் நான். அறுபத்தாறில் தொடங்கினேன். எழுபத்துமூன்றில், ஒரு புதன்கிழமை, அரசாங்கம் இதை நாட்டுடைமை ஆக்கியது. நான் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தேன், பாதி வசனத்தில் நிற்கிறேன். தகவல் அமைச்சர் வந்து என்னை எழுப்பிவிட்டு, என் கதிரையில் உட்கார்ந்து, மீதி வசனத்தைத் தானே எழுதினார்."

"என்ன எழுதினார்?"

"எல்லாம் நன்றாக இருக்கிறது என்று. முப்பத்தாறு வருடமாக அதே வசனம்தான் வருகிறது. முன்பக்கத்தைப் பாருங்கள். ஜனாதிபதி ஒவ்வொரு வாரமும் ஒரு பாலத்தைத் திறந்து வைக்கிறார். எங்கள் நாட்டில் அவ்வளவு ஆறு கிடையாது, மிஸ்டர் கணேஸ்."

கணேசலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. கசோங்கோவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"பெயரையாவது மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. நான் பெயர் வைத்த பிள்ளை ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிகிறது. லண்டன் முழுவதையும் என்னால் காவல் காக்க முடியாது. இந்த ஒரு கடையையாவது காப்போம் என்று இருக்கிறேன்."

அது 2009ஆம் ஆண்டு, புரட்டாதி மாதம். அதே ஆண்டு சித்திரையில் கணேசலிங்கம் கடையைப் பூட்டிப் பூட்டிப் பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய், மழையில் கொடியோடு நின்றவர். வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்த தமக்கையிடமிருந்து ஏழு வாரமாக ஒரு சத்தமும் இல்லை. அந்த ஏழு கிழமையும் அங்கத்தைய அரசாங்கப் பத்திரிகையை இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்தார். எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் அதுவும் எழுதியது. கடைசியில் தமக்கையின் குரல் ஒரு முகாமிலிருந்து வந்தபோது, அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்துதான் வந்தன. அந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

"சேர், நீங்கள் பத்தைக் கொண்டுபோங்கள். மிச்சம் என் பொறுப்பு. ஒரு எழுத்து ஒருவர் கண்ணிலும் படாது," என்றார்.

ஐந்து பிரதியும் கடைக்குப் பின்னால் இருந்த களஞ்சிய அறைக்குப் போயின. ஒரு மனிதருக்குச் செய்த உதவி இத்தோடு முடிந்தது என்று கணேசலிங்கம் நினைத்தார்.

அடுத்த வியாழன் முப்பது வந்தது. கம்பியூட்டரின் கணக்கில், திரும்பி வராதது எல்லாம் விற்றதுதானே!

அன்றைக்குத்தான் அவருடைய மனைவி சிவனேஸ்வரி மாடியில் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தாள். வறுத்ததை ஆறப்போடக் கடதாசி தேடிக் கீழே வந்தாள். இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவளுக்குச் சரிவராது. உள்பக்கங்களில் அரைகுறை உடுப்போடு பெண்கள் நிற்பார்கள். அதன்மேல் கறித்தூள் காயவைத்துக் கோயிலுக்கும் கொடுக்க முடியுமா?

"இஞ்சாருங்கோ, உந்த மபோராப் பேப்பர் நல்ல தடிப்பு. மையும் ஒட்டாது. படமெண்டு பாத்தால் கோட் போட்ட ஒரு மனுசன் மட்டும்தான் நிக்கிறான். நான் எடுக்கட்டோ?"

"எடும், எடும். ஆனால் ஒருத்தரும் வாசிக்கக் கூடாது."

"மிளகாயைப் பரப்பினாப் பிறகு ஆர் வாசிக்கிறது?"

நல்ல வழிதான் என்று கணேசலிங்கம் மகிழ்ந்தார். கிழமைக்குக் கிழமை ஜனாதிபதியின் முகம் செத்தல் மிளகாயால் மூடப்பட்டது. மூன்றாம் கிழமை அறுபது பிரதி வந்தது. அவ்வளவு மிளகாய் மிச்சம் ஊர் முழுவதிலுமே இல்லை. களஞ்சிய அறையில் இடம் போதாமல் சிவனேஸ்வரி ஒரு கட்டைக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டாள், கணவனிடம் சொல்லாமல்.

திங்கட்கிழமை கோயில் செயலாளர் பத்மநாதன் கடைக்குள் உற்சாகமாக நுழைந்தார்.

"கணேஸ், உந்த மபோரா எண்டுற நாடு எங்க கிடக்கு?"

கணேசலிங்கம் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். "ஏன் அண்ணை?"

"அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டேக்க கீழ விரிச்சிருந்த பேப்பரை வாசிச்சனான். என்ன முன்னேற்றமடாப்பா! ஆஸ்பத்திரி எல்லாம் இலவசம். களவு இல்லை. கிழமைக்கொரு பாலம். நாங்கள் பிழையான நாட்டுக்கு வந்திட்டம் போல கிடக்கு. நிர்வாகத்திலயும் கதைச்சனாங்கள், எல்லாரும் ஓம் எண்டு சொல்லுகினம்."

மூன்று வருடமாகக் கசோங்கோ கட்டிக்காத்ததை ஒரு பூசணிக்காய் கெடுத்துவிட்டது. வாசித்ததோடு நிற்காமல் ஆட்கள் நம்பியும் விட்டார்கள். கணேசலிங்கம் கோயிலுக்கு ஓடி, தோலும் விதையும் ஒட்டிக் கிடந்த கட்டை வாரிக்கொண்டு வந்தார். இனி ஒரு தாளும் வீட்டுப் படி தாண்டக் கூடாது என்று மனைவிக்குக் கட்டளை போட்டார்.

தாண்டவில்லை. அடுத்த வியாழன் நூற்றிருபது வந்தது. குளியலறைத் தொட்டிக்குள் அடுக்கினார்கள். வாளியில் அள்ளி முழுகத் தொடங்கினார்கள்.

"உந்த ஆபிரிக்கா மனுசனுக்காக நாங்கள் ஏன் வாளியில முழுகவேணும்?" என்று சிவனேஸ்வரி கேட்டாள்.

"அக்கா சத்தமில்லாமல் இருந்த நேரம் நான் வாசிச்ச பேப்பரை நினைச்சுப் பாரும்," என்றார் அவர்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. மபோராத் தூதரகத்தின் பத்திரிகை அதிகாரி இறங்கினார். பின்னால் புகைப்படக்காரர். அதிகாரியின் கையில் ஒரு பித்தளைக் கேடயம்.

"மிஸ்டர் கணேசலிங்கம்! எங்கள் பத்திரிகையின் மிகச் சிறந்த விற்பனையாளர் நீங்கள்தான். தலைநகரத்தில் தகவல் அமைச்சரே உங்கள் பெயரைச் சொன்னார்."

"எனக்கு முதுகு வலி," என்றார் கணேசலிங்கம், புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டே.

"உட்கார்ந்துகொண்டே படம் எடுக்கலாம். அதுசரி, இத்தனை பிரதியை யார் வாங்குகிறார்கள்? எங்கள் நாட்டவர் யாராவது இந்தப் பக்கம் இருக்கிறார்களா?"

கேள்வி சிரிப்போடுதான் வந்தது. கணேசலிங்கம் சில்லறைப் பெட்டியை மூடினார். ஒரு பெயரைச் சொன்னால் போதும், அந்தக் கிழவர் எங்கே இருக்கிறார் என்று இவர்கள் தேடிப் போய்விடுவார்கள்.

"இல்லை, இல்லை. எங்கள் ஆட்கள்தான். தமிழர்கள். விரும்பி வாசிப்பார்கள்."

அதிகாரி நம்பலாமா விடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, கையெல்லாம் மிளகாய்த்தூளோடு சிவனேஸ்வரி இறங்கி வந்து, கேடயத்தையும் காரையும் கண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உபசாரம் செய்தாள்.

"மெசெஞ்சர் ஆட்களா? வெரி குட் பேப்பர். ஒவ்வொரு கிழமையும் வீட்டில் வேண்டும். கோயிலிலும் கேட்கிறார்கள்."

அதிகாரியின் கண்கள் கலங்கிவிட்டன. இருவரையும் நடுவில் நிறுத்திக் கேடயத்தைப் பிடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். வியாழக்கிழமை முன்பக்கத்தில் வரும் என்று சொல்லிப் போனார்கள்.

இரண்டு இரவு கணேசலிங்கத்துக்கு நித்திரை இல்லை. கசோங்கோவின் கதிரையைப் பறித்தவர்களோடு அவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம், கசோங்கோ வைத்த பெயருக்குக் கீழே வரப்போகிறது. அந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது?

வியாழன் காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியோடு ஒருவர் கதவைத் தட்டினார். வழக்கமாக ஐந்து மணிக்குக் கட்டை வாசலில் எறிந்துவிட்டுப் போகிற வான்காரர்தான். அன்றைக்குத்தான் இருவரும் முகம் பார்த்துக்கொண்டார்கள். பெயர் கிறிஸ்துராஜா. இருபது வருடம் பாரிஸில் இருந்துவிட்டு வந்தவர். பிரெஞ்சு தண்ணீர் மாதிரி வரும், ஆங்கிலம்தான் தடக்கும்.

"இருநூறு, அண்ணை. எறிஞ்சால் உங்கட கதவு உடைஞ்சிடும். வேற கடையெல்லாம் முடிச்சுப்போட்டு வாறன்."

"கெதியா உள்ளுக்கு வையும் தம்பி! எட்டு மணிக்கு முதல் எல்லாத்தையும் மறைக்கவேணும்!"

பாதியைத்தான் மறைக்க முடிந்தது. கசோங்கோ அன்று ஏழரைக்கே வந்துவிட்டார். நிலத்தில் கிடந்த கட்டின் மேல் பிரதியில் ஜனாதிபதி ஒரு பாலத்தைத் திறந்துகொண்டிருந்தார். பாலத்துக்குக் கீழே கணேசலிங்கம் கேடயத்தோடு நின்றார்.

கசோங்கோ குனிந்து எடுத்து, கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

"சேர், அவர்கள் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார்கள். உங்கள் பெயர் வரக்கூடாது என்று..." என்றார் கணேசலிங்கம். "மன்னித்துவிடுங்கள்."

கசோங்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் கணேஸ், முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு என் பத்திரிகையின் முன்பக்கத்தில் ஒரு யோக்கியனின் படம் வந்திருக்கிறது," என்றார். அந்தப் பிரதியை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். "இதை மட்டும் எறிய மாட்டேன்."

கணேசலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழவர் தெம்பாகிவிட்டார். பழைய பத்திரிகை ஆசிரியர் அல்லவா, கிறிஸ்துராஜாவின் பக்கம் திரும்பி, முந்திய காலத்தில் வான்காரர்களிடம் கேட்டுப் பழகிய கேள்வியைக் கேட்டார்.

"மற்றக் கடைகளில் என் பத்திரிகை எப்படிப் போகிறது?"

கிறிஸ்துராஜாவுக்கு விளங்கவில்லை. கணேசலிங்கம் தமிழில் சொன்னார். கிறிஸ்துராஜா தள்ளுவண்டியைத் திருப்பியபடி சிரித்தார்.

"மற்றக் கடையளோ? கட்டு அவிழ்க்காமலே திரும்பி வரும், நேரா அரைக்கிற மெசினுக்குத்தான் போகும். மூண்டு வருசத்துக்கு முதலே லண்டன் பதிப்பை நிப்பாட்ட இருந்தவங்களாம் அண்ணை, மிச்சம் பக்கம் ஒரு கடையில ஒண்டு விடாமல் விக்குது எண்டுதான் இண்டைக்கு வரைக்கும் அச்சடிக்கிறாங்கள்."