செவலைக்கு முன்னால் நாலு காலில்

பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாட்டுக்கு முன்னால் கன்றுக்குட்டி மாதிரி நாலு காலில் நின்ற மடையன் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டால் என் மச்சான் சொல்லிவிடுவார். அவர் சொல்லும்போது எனக்கு வாலும் முளைத்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. மலையாள எல்லையோரம் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா காலமாகிவிட்டார். அம்மா, நான், செவலை என்கிற பசு, இவ்வளவுதான் குடும்பம். (இதில் யாருக்கு மதிப்பு அதிகம் என்று கேட்காதீர்கள். பால் கொடுத்தது நான் அல்ல.)

ஒருநாள் ரோட்டோரம் மாட்டுத் தீவனத்துக்கான ஒரு சோளத்தட்டுக் கட்டு கிடந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்துப் பொள்ளாச்சி பஸ் வந்தது, ஜன்னலோரம் இரண்டு தாவணிகளோடு. ஒரே மூச்சில் கட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன். கட்டு மேலே போனது; இடுப்பில் மளுக்கென்று ஏதோ கீழே போனது. தாவணிகள் இரண்டும் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கயிற்றுக் கட்டிலில் விழுந்தவன் எழவில்லை. எண்ணெய், ஒத்தடம், பற்று எல்லாம் ஆயிற்று. படுக்கப் படுக்க முதுகு பலகையாக இறுகியதுதான் மிச்சம். கடைசியில் பக்கத்துச் சித்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மலையாளத்துக்காரர். அமுக்கிப் பார்த்தார், குனியச் சொன்னார், நான் கத்தியதையும் பொறுமையாகக் கேட்டார். மருந்து எழுதவில்லை.

"கெடந்தா போகில்லா. அனங்கணும்," என்றார். படுத்துக் கிடந்தால் வலி போகாதாம், அசைய வேண்டுமாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்வது, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்குவது என்று வரிசையாகச் செய்ய வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகைப் பூனை மாதிரி மேலே வளைத்து, பிறகு மெல்லக் கீழே தொய்யவிட வேண்டும். மேசையில் உள்ளங்கைகளை ஊன்றித் தாமே வளைந்து காட்டினார். "டெய்லி செய்யணும். வேதன போயாலும் விடருது." வலி போனாலும் விடக்கூடாதாம்.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு வேறு கவலை. "இடுப்புப் புடிச்ச பையனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? ஊருக்குள்ள மூச்சு உட்றாத!"

எனவே பயிற்சி மாட்டுக்கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டு வேளையும் கறப்பதற்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து, செவலைக்கு முன்னால் நான் நாலு காலில்.

செவலையின் கன்று அப்போதுதான் செத்திருந்தது. கன்று செத்த மாடு லேசில் சுரக்காது. கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். மாடு அதை நக்கிக்கொடுக்க, பால் இறங்கும். அம்மா அதற்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினாள். தேவைப்படவில்லை. முதல் நாள் என்னைக் கண்டு மிரண்ட செவலை, அடுத்த நாள் முகர்ந்தது. பிறகு நான் முதுகை வளைக்கும்போதெல்லாம் என் பிடரியை நக்கத் தொடங்கியது. (மாட்டு நாக்கு பிடரியில் பட்டிராதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.) மடி திம்மென்று சுரந்தது.

சில மாதங்களில் வலி போய்விட்டது. வலி போனதும் பயிற்சியை யார் செய்வார்கள்? நானும் விட்டேன். செவலை விடவில்லை. நான் நேராகப் போய்க் கறக்க உட்கார்ந்தால், பாலை அடக்கிக்கொண்டு, சாக்கு விரிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"பால் எறங்கல சாமி. போய்க் குனி," என்பாள் அம்மா. குனிந்தேன். தினமும் குனிந்தேன்.

இந்த நிலையில்தான் கொழிஞ்சாம்பாறையில் சரசுவைப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி அவர்கள் வந்து எங்கள் வீட்டைப் பார்த்துச் சரி சொன்னால்தான் கல்யாணம். அவர்கள் வருகிற நாள் காலையில் அம்மா காப்பிக்கென்று ஒரு செம்புப் பாலை எடுத்து வைக்கப் போனாள். தடுத்தேன்.

"எல்லாத்தையும் பால் சொசைட்டிக்கு ஊத்தீருங்கம்மா. அவிய கண்ணு முன்னால கறந்து, நொரையோட காப்பி போட்டுக் குடுக்கலாம். அசந்து போயிருவாங்க!"

(பஸ் ஜன்னலை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.)

மத்தியானத்துக்கு மேல் சரசுவின் அப்பா, அண்ணன், அத்தை மூவரும் வந்தார்கள். சலவை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "வாங்க, இப்பவே கறந்து காட்டறேனுங்க," என்று கொட்டகைக்கே கூட்டிப்போனேன். உட்கார்ந்தேன். இழுத்தேன். ஒரு சொட்டு. இன்னும் இழுத்தேன். அதுவும் இல்லை. செவலை சாக்கு விரிக்கும் இடத்தைப் பார்த்தது.

அத்தை அண்ணனிடம் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. "வரக்காப்பிதான் குடுப்பாங்களாட்ட இருக்குது."

பாலில்லாத காப்பியை எங்கள் ஊரில் எழவு வீட்டில்தான் கொடுப்பார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் கையில் அதைக் கொடுத்தால், டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சரசுவும் போய்விடுவாள்.

"குனி சாமி," என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"அம்மா, அவிய பாத்துட்டு இருக்கறாங்க!"

"வரக்காப்பி ஊத்திப் பொண்ணு கேப்பியா? குனிடா!"

சலவை வேட்டியோடு சாணித் தரையில் நாலு காலில் இறங்கினேன். முதுகை வளைத்தேன், தொய்யவிட்டேன். செவலை ஆசையாக வந்து, பிடரியில் ஆரம்பித்து, தலையில் தடவியிருந்த எண்ணெய் முழுவதையும் வழித்து நக்கியது. பின்னால் அம்மாவின் செம்பில் சர்சர்ரென்று பால் இறங்கியது.

"அப்பா, மாப்பிள்ளைப் பையனுக்கு என்னமோ ஆயிருச்சுங்க!" என்றார் அண்ணன்.

"சாமி வந்திருச்சோ என்னமோ," என்றாள் அத்தை, கையைக் கும்பிடுவதுபோல் தூக்கி.

சரசுவின் அப்பா மாடு வளர்ப்பவர். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "வைக்கோல் கன்னு பாத்திருக்கறேன். வேட்டி கட்டுன கன்னு இப்பத்தான் பாக்கறேன்."

பிறகு நான் முதுகை வளைத்த விதத்தைப் பார்த்து, என்னிடம் குனிந்து, "முதுகு வலிங்களா தம்பி?" என்றார்.

இனி எதை மறைக்க? "இருந்துச்சுங்க. டாக்டரம்மா சொன்னதைச் செஞ்சு போயிருச்சுங்க," என்றேன், நாலு காலில் இருந்தபடியே.

"ஒரு நாள்கூட உடாம செஞ்சீங்களா?"

"மாடு உடலீங்களே!"

அவர் சிரிக்கவில்லை. நுரைக்காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். போய்விட்டார். அடுத்த வாரம் சம்மதம் என்று சொல்லியனுப்பினார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் பேசியதைக் கல்யாணத்துக்குப் பிறகு மச்சான் சொன்னார்: "மாட்டுக்கே இந்தளவு கட்டுப்படறவன், நம்ம சரசு சொன்னா கேக்க மாட்டானா?"

இன்றைக்கும் மாமனார் வீட்டு விசேஷங்களில் எனக்கு இலை போட்டதும், "அவருக்கு ஒரு கட்டு சோளத்தட்டு வைங்க," என்பார் மச்சான்.

செவலை போய்ப் பல காலமாயிற்று. அதற்கப்புறம் நாங்கள் மாடே வைத்துக்கொள்ளவில்லை. பால் வெளியிலிருந்து வருகிறது; பயிற்சி மட்டும் பழக்கத்தில் தொடர்ந்தது. இனி என்னை யார் கேட்பது என்று, போன மார்கழிக் குளிரில் ஒரு காலை, பயிற்சியை விட்டுவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொண்டேன். அடுப்படியிலிருந்து காப்பி மணம் வந்தது.

"சரசு, காப்பி கொண்டா."

சரசு எட்டிப் பார்த்தாள். மூலையில் சுருட்டியபடியே இருந்த என் சாக்கைப் பார்த்தாள்.

"இன்னும் பால் எறங்கலீங்க."