பாங்குக்கு அணைத்த வெளிச்சம்

ஆலங்குடா.

அன்புள்ள மருமகன் றிப்னாஸுக்கு, மாமா பதுர்தீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே எல்லாரும் சுகம், என் மானம் மட்டும்தான் படுத்த படுக்கை. கட்டாரில் நீங்களும் உங்கள் உம்மாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். நான் ஃபோன் எடுத்தால் உங்கள் உம்மா, என் கூடப்பிறந்த ராத்தா, வெட்டிவிடுகிறா. அதனால் அங்கே வருகிற அன்ஸாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவ காதுபட வாசியுங்கள்.

மகன், போன லீவில் வந்து ஊருக்கு இன்டர்நெட் லைன் இழுத்துவிட்டு, அதைப் பார்க்கிற வேலையை உப்பளத்தில் ஓய்வுபெற்ற என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். ஸஜீதின் கடையில் பெட்டி, பெட்டியில் விரலளவு மொடியூல் இரண்டு, அதற்குள்ளே லேசர் வெளிச்சம், வீட்டிலிருந்தே லெப்டொப்பில் ‘ஷோ’ என்று அடித்தால் வெளிச்சத்தின் அளவு காட்டும், ‘ஷட்டவுன்’ என்றால் அணையும், ‘நோ ஷட்டவுன்’ என்றால் எரியும் என்றீர்கள். முதல் நாளே மைனஸ் ஏழு என்று காட்டியதில் நான் பதறி உங்களை எழுப்ப, மைனஸ்தான் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தீர்கள். பிறகு சூடு நாற்பது என்றது. மனிதனுக்கு நாற்பது என்றால் ஆஸ்பத்திரி அல்லவா, ஸஜீதிடம் சொல்லி ஈரத்துணி போடவைத்தேன், பெட்டி மூச்சை நிறுத்தியது. அதெல்லாம் சின்ன விஷயம்.

பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் ரேடியோவை நிறுத்துகிற சனம் நாங்கள். கடற்கரை ஹோட்டலிலோ நாள் முழுக்க இன்டர்நெட்டில் பாட்டு. ஆகவே பாங்கு கேட்டதும் ஹோட்டலுக்குப் போகிற இரண்டாம் மொடியூலை அணைப்பேன், முடிந்ததும் திறப்பேன். கடல்காற்றில் சிக்னல் போகிறது என்று ஹோட்டல்காரர் வெள்ளைக்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு ராத்தா வீடியோவில் வந்து உங்களுக்கும் என் மகள் ஃபஸ்னாவுக்கும் கலியாண நாள் பேசிக்கொண்டிருந்தா. “தம்பி, கலியாணத்துக்குப் பொறகு புள்ள பாலாவிக் கம்பெனில கம்ப்யூட்டர் வேலைக்குப் போறது சரிவராது. என்ன செல்றீங்க?” என்று கேட்டா. அந்த நேரம் பார்த்து அஸர் பாங்கு. கை பழக்கத்தில் போய்விட்டது. இரண்டு என்று நினைத்து, எங்கள் வீட்டு லைன் போகிற ஒன்றை அணைத்துவிட்டேன் போல. ராத்தாவின் முகம் வாய் திறந்தபடியே நின்று மறைந்தது. திறக்கிற கட்டளையை அனுப்பலாம் என்றால் அதுவும் அந்த வெளிச்சத்தில்தானே போகவேண்டும்! கடைச் சாவியோ ஸஜீதிடம், ஸஜீதோ தலவிலத் திருவிழாவில் ஐஸ்கிரீம் விற்கப் போய்விட்டான். அவன் வந்து திறப்பதற்குள், “என்ட மொகத்துல கதவச் சாத்திட்டான்” என்று ராத்தா குடும்பம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டா.

மகன், சத்தியமாக அது அவமதிப்பு இல்லை, விரல் பிசகு. ராத்தா சொன்னதெல்லாம் எனக்குச் சம்மதம். ஃபஸ்னா வேலையை விடுவாள். இந்தச் சம்பந்தம் முறிந்தால் நான் தாங்கமாட்டேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் உம்மாவுக்குக் கொஞ்சம் பொறுமையும் தருவானாக.

இப்படிக்கு,
மாமா பதுர்தீன்

பி.கு: மச்சான், இது ஃபஸ்னா. கவர ஒட்டச் சொல்லி வாப்பா என்னட்டத் தந்தாரு. அவர் எப்பயும் போல ஹோட்டலுக்குப் போற ரெண்டத்தான் மூடினாரு. வீட்டு லைன் ஒண்ட மூடினது நான், குசினில இருந்து ஃபோன்ல. மூடினா எனக்கும் திறக்க ஏலாதெண்டு தெரிஞ்சுதான் மூடினன். மாமி கேட்டதுக்கு வாப்பா ‘ஓம்’ எண்டு செல்ல வாயெடுத்தாரு, வேற வழி தெரியல்ல. வேலைய நான் விடமாட்டன். உங்களக் கட்ட எனக்கு விருப்பம்தான். ரெண்டுக்கும் சம்மதமெண்டா இதையும் மாமிக்குச் சத்தமா வாசிங்க.