காட்டேரி அக்காவும் மருந்தில்லாக் குழியும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே காட்டேரி அக்காவுக்குப் பயப்படாத ஆண்பிள்ளை ஒருவனும் கிடையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பவர் அவர். கரையான்சாவடிக்காரர். பேருந்தில் யாராவது கம்பியைப் பிடித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்த்து, "நரம்பு சோக்கா கீதுபா!" என்பார். அந்த ஆசாமி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்.

எங்கள் வேலை இதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் டிஎன்ஏ துணுக்குகளை எங்களிடம் அனுப்புவார்கள். எது உண்மையிலேயே எழுப்புகிறது என்று பார்க்க, புது ரத்தத்தின் வெள்ளணுக்களைச் சின்னச்சின்னக் குழிகள் உள்ள தட்டில் போட்டு, குழிக்கு ஒன்றாகக் கலப்போம். மறுநாள் எந்தக் குழி எவ்வளவு கொந்தளித்திருக்கிறது என்று அளப்போம். ஒப்பிடுவதற்காக ஒரு குழியில் மட்டும் எதையும் கலப்பதில்லை. அந்த மருந்தில்லாக் குழி அமைதியாக இருக்க வேண்டும். ரத்தம் கொடுப்பது, சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஊழியர்களாகிய நாங்கள்தான்.

ஊசி குத்துமுன் அக்கா விசாரணை வைப்பார். "நல்லா தூங்கினியா? காச்சலா? மாத்திர முழுங்கினியா? ஊட்ல சண்டையா?" ஒருமுறை மேலாளர் இல்லை, இல்லை என்றே தலையாட்டினார். அக்கா அவர் சட்டைப்பையிலிருந்து தலைவலி மாத்திரை அட்டையை உருவி, "எந்திரி சார்" என்றார்.

போன வருடம் என் ரத்தம் வைத்த தட்டில் மருந்தில்லாத குழியும் கொந்தளித்தது. தட்டில் அழுக்கு, தூக்கிப் போடுங்கள் என்றார் மேலாளர். அக்கா என்னிடம் புதிதாக ரத்தம் எடுத்து, புதுத் தட்டில் இன்னொருவர் ரத்தத்துக்குப் பக்கத்துக் குழியில், எதுவும் கலக்காமல் வைத்தார். அவருடையது அமைதி. என்னுடையது மறுபடியும் கொந்தளிப்பு.

"சார், தட்டு சுத்தம். ஒண்ணுமே ஊத்தாம இவன் ரத்தம் யார்கூடவோ சண்ட போட்டுகினு கீது."

"இத வெச்சு வியாதின்னு சொல்ல முடியாதும்மா."

"நான் இன்னா வியாதின்னா சொன்னேன்? டாக்டராண்ட காட்டச் சொல்றேன்."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா நைனா மறைக்கிற?"

ஒரு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல். கழுத்தில் ஒரு கட்டி. காலர் பட்டனைப் போட்டு மூடிவைத்திருந்தேன். தற்காலிக வேலை, நோயாளி என்றால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். சொல்லும்போது அழுதுவிட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அரை நாள் விடுப்பு எழுதி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

கட்டியில் காசநோய். பிறருக்குத் தொற்றாது, குணமாகும் என்றார் டாக்டர். வேலையும் போகவில்லை.

ஆறு மாதம் மாத்திரை. தினமும் மேனாம்பேட்டில் என் ஃபிளாட்டுக்கு வந்து, விழுங்கியபின் "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று பார்த்துவிட்டுத்தான் அக்கா வேலைக்குப் போவார். எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் எனக்கு வேறு ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள்.

குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, நேராகப் போய் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன். "எடுங்கக்கா."

அவர் மடிப்பைப் பிரித்து மணிக்கட்டுவரை இறக்கிவிட்டார்.

"வோணாம் நைனா. ஒரு சொட்டும் வோணாம். எல்லாத்தையும் நீயே வெச்சிக்கோ."