பந்தை உருட்டிவிட்ட கதை

இதை ஒழுங்காகச் சொல்வேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நடுவில் இங்கிலீஷ் வேறு வருகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கொஞ்சம் முந்தி. சிவகாசியில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுவோம். மரச்சீவல், தாள், பசை காய்ச்ச மாவு எல்லாம் கம்பெனி ஏஜெண்டு வண்டியில் லோடாகக் கொண்டுவருவார். அந்த சீசனில் வந்த மாவு படுமோசம். காய்ந்ததும் பெட்டி வாயைப் பிளந்தது. பிளந்ததெல்லாம் திரும்பி வந்தது.

அன்றைய வேலை ஒன்றே ஒன்று. ஏஜெண்டிடம் நல்ல மாவு கேட்க வேண்டும்.

யார் கேட்பது? கோபம் வந்தால் லோடை அடுத்த தெருவுக்குக் கொடுத்துவிடுவாரே!

எதிர்வீட்டு டீச்சர் சொன்னார்: "இங்கிலீஷ்ல 'பந்தை உருட்டிவிடு'ன்னு சொல்வாக. ஒருத்தர் தொடங்கி வச்சாப் போதும். பெறகு மத்தவுக சேர்ந்து தள்ளிக்கிட்டே போயிருவாக."

"அப்ப நம்ம மதினி உருட்டட்டும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நானா!"

"ஒரு வார்த்தை சொல்லுங்க மதினி. மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுறோம்."

ஏஜெண்டின் வண்டி வந்தது. முறத்தோடு முன்னால் போனேன்.

"ஐயா, மாவு சரியில்லீங்க. பெட்டி பிளந்துக்கிடுது."

உருட்டியாயிற்று! திரும்பிப் பார்த்தேன். பொன்னுத்தாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கோழி விரட்டினாள். அங்கே கோழியே இல்லை!

"எங்க, காட்டுங்க" என்றார் ஏஜெண்டு.

பதற்றத்தில் என் முறத்தில் கிடந்த பெட்டியையே எடுத்து நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். வரவில்லை. நகத்தால் கிண்டினார். வரவில்லை. வண்டிக்காரர் வாங்கிப் பல்லால் இழுத்தார். பல்தான் ஆடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெட்டி திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில், முந்தின நாள் நான் மட்டும் புளியங்கொட்டையை இடித்துக் காய்ச்சி அந்தப் பசையில் கலந்திருந்தேன்!

"இந்த மாவையாம்மா குறை சொல்றீக? வேற யாருக்காச்சும் குறை இருக்கா?"

"எங்களுக்கு என்னய்யா குறை!" இப்போதுதான் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள்.

"அப்ப இனிமே எல்லாரும் இந்தம்மா மாதிரி ஒட்டணும். இல்லாட்டி லோடு கிடையாது."

புளியங்கொட்டை விஷயத்தை எல்லோரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் தெரு முழுக்க அதை இடிக்கிற சத்தம்.

"நல்லா உருட்டுனீக மதினி!" என்றாள் பொன்னுத்தாய், உலக்கையைக் கீழே வைக்காமலே. "எங்க தலையில வந்துல்ல விழுந்திருக்கு!"

அன்றிலிருந்து நாலு பேர் கூடுகிற இடத்துக்கு வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டுதான் போகிறேன். வாய் நிறைந்தவளை யாரும் தொடங்கி வைக்கச் சொல்வதில்லை.