தலையாட்டி பிங்கஸும் வியாழக்கிழமைப் பரீட்சையும்

அன்புள்ள ஃபைவெல் மாமாவுக்கு எருசலேமிலிருந்து எல்ஹனான் எழுதுவது: மாமா, பெரிய யெஷிவா வேதப் பாடசாலையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வியாழக்கிழமைக்குள் நான் சண்டை போடாவிட்டால் பொடிப்பசங்க வகுப்புக்குத் துரத்திவிடுவார்கள்!

ஆண்ட்வெர்ப்பில் அத்தையும் உங்கள் பிள்ளை செலிகும் நலம்தானே? கைப்பேசியை வாசலிலேயே பிடுங்கிப் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் காகிதக் கூத்து.

முந்நூறு வீடியோ பார்த்துத் நானாகவே தல்மூத் சட்ட நூலைப் படித்தவன். பழைய லித்துவேனிய யெஷிவாக்கள் என்றால் எனக்கு உயிர். அந்தப் பசங்க பெஞ்சில் தூங்கி, நாளுக்கொரு வீட்டில் சாப்பிட்டு, ஒரே ஒரு வரிக்காக நாள் முழுக்கக் கத்தினாங்க. இங்கேயும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மறுத்துக் கத்துவதுதான் படிப்பு. நூறு ஜோடி, மீன் சந்தை தோற்றது! எனக்கு வாய்த்தவன் பிங்கஸ். நான் என்ன சொன்னாலும் தலையாட்டி, "ரொம்ப சரிடா!" என்பான். வேண்டுமென்றே உளறினேன்: "காளை முட்டினா குத்தம் காளைக்காரன் மேல இல்ல, முட்டு வாங்கினவன் மேலதான்." "அடடா, இது எனக்குத் தோணவே இல்லையே!" என்று கை குலுக்குகிறான். பாடம் நடத்தும் ரபி எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்து, "என்னப்பா, இங்க யாராச்சும் செத்துட்டாங்களா? வியாழக்கிழமை ரெண்டு பேரும் என் முன்னாடி மோதிக் காட்டணும். இல்லேன்னா கீழ் வகுப்பு"ன்னுட்டார். அங்கே எல்லோருக்கும் பதின்மூணு வயசு மாமா. எனக்குத் தாடி இருக்கு!

அதனால் எனக்கு ஜோடியாகச் செலிகை உடனே விமானம் ஏற்றவும். காலை வணக்கம் சொன்னாலே "யார் சொன்னது?" என்று கேட்பவன் நம் குடும்பத்தில் அவன் ஒருத்தன்தான். உங்கள் வீட்டில் சமாதானம் நிலைக்கட்டும், என் பெஞ்சில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
எல்ஹனான்

பி.கு.: செலிக் வர வேண்டாம்! தபால்தலை பிங்கஸிடம்தான் இருந்தது. கடிதத்தை ஒட்டக் கொடுத்தேன், படித்துவிட்டான். மேசையில் ஒரு குத்து. "எல்லாத்துக்கும் தலையாட்டுறவன்னா இதுக்கும் ஆட்டியிருப்பேன்ல? ஆட்டல. அப்போ நீ எழுதினது பொய்!" "இன்னிக்கு ஆட்டலைன்னா நேத்து ஆட்டினது இல்லைன்னு ஆயிடுமாடா?" என்றேன் நான். இரண்டு மணி நேரம் மோதினோம்! நூறு ஜோடியும் சுற்றி நின்றது. ரபி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பரீட்சை முடிஞ்சுதுப்பா. ஆனா நிறுத்தாதீங்க" என்றார்.

யார் சரி என்பதுதான் இன்னும் தீரவில்லை. பாதி மண்டபம் அவன் பக்கம். ஆகவே மாமா, ஓய்வுநாள் விருந்தில் இதை உரக்கப் படியுங்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுங்கள், ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தயவுசெய்து எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அடுத்த மாதமும் பரீட்சை இருக்கிறது.